கடைசி வரிசையில் அமர்ந்தவர்

மனிதரின் தகுதியை மதிப்பிட உலகம் கையாளும் அளவைகள் பல. அவற்றுள் எளிதானதும், எளிதென்பதாலேயே பெரும்பாலோர் விரும்புவதும் ஒன்றுண்டு. ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்பதே அது. ஆனால் அந்தப் படி எந்த ஏணியின் படி என்று கேட்பவர் மிகச் சிலரே. மூன்றே படிகள் கொண்ட ஏணியின் உச்சியில் நிற்பவரை அண்ணாந்து பார்க்கிறோம். நூறு படிகள் கொண்ட ஏணியின் முப்பதாம் படியில் நிற்பவரைக் குனிந்து பார்க்கிறோம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இந்த மயக்கத்தைக் கருதியே.

அந்த இலுப்பைப்பூ தன் அளவைத் தானே உணர்ந்து, ஆலை இருக்கும் ஊரைத் தேடிப் புறப்பட்டால் என்ன நேரும்? அவ்வாறு புறப்பட்ட ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் மூன்றாண்டுகளைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம். அரபியும் தமிழும் கற்பிப்பவர்கள் கால்பந்தைப் பற்றி எழுதுவதா என வாசக நேயர்கள் வியக்க வேண்டா. அஸர் தொழுகைக்குப் பின் ராஜகீழ்ப்பாக்கத்துத் திடலோரம் நின்று, நம்மிடம் ஓதும் பிள்ளைகள் பந்தாடுவதைப் பார்ப்பது நம் நெடுநாளைய வழக்கம். ஒரு பிள்ளையின் குணத்தை வகுப்பறையில் அறிவதைவிடத் திடலில் விரைவாக அறிந்துகொள்ளலாம் என்பது நம் அனுபவம்.

நாம் சொல்ல வந்தவர் பைச்சுங் பூட்டியா. 1976ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், சிக்கிமின் தென்பகுதியில் உள்ள தின்கித்தாம் என்னும் மலைக் கிராமத்தில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1993இல், பதினாறு வயதில், பள்ளியை விட்டுக் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். அங்கிருந்து பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜே.சி.டி. ஆலையின் அணிக்குச் சென்றார். தேசியக் கால்பந்து லீக் முதன்முதலாக 1996-97இல் நடந்தபோது அந்த அணியே வாகை சூடிற்று. அந்த லீகில் அதிக கோல்களை அடித்தவரும் அவரே. மீண்டும் ஈஸ்ட் பெங்காலுக்குத் திரும்பிய பின், 1997 ஜூலை 13ஆம் நாள், கல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் பெடரேஷன் கோப்பை அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. எதிரணி பரம வைரியான மோகன் பகான். ஏறத்தாழ 1,31,000 பேர் கூடியிருந்ததாகக் கணக்கு. ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அந்த நான்கில் மூன்று கோல்கள் பூட்டியாவினுடையவை. மறு ஆண்டு அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது.

அந்த மாலையின் மூன்று கோல்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இருபத்திரண்டு வயதில் இந்நாட்டின் ஏணியில் அவருக்கு ஏற வேண்டிய படி எஞ்சியிருக்கவில்லை. இங்கேயே இருந்திருந்தால் பணமும் மாலையும் குறைவின்றிக் கிடைத்திருக்கும். அவரோ இங்கிலாந்து சென்றார். பெரிய கழகங்கள் சிலவற்றில் தகுதி காட்டும் பயிற்சிகளில் கலந்துகொண்டார். அவற்றில் இடம் கிட்டவில்லை. 1999 செப்டம்பர் இறுதியில் பரி என்னும் சிற்றூர்க் கழகம் மூன்றாண்டு ஒப்பந்தம் அளித்தது. ஓர் ஐரோப்பியக் கழகத்தோடு அவ்வாறு ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் இந்திய ஆட்டக்காரர் என்று அவரைக் குறிப்பிடுவர்.

பரி எத்தகைய கழகம் என்பதை அறிந்தால்தான் இச்செய்தியின் முழுப்பொருள் விளங்கும். ஆங்கிலக் கால்பந்து லீக்குகள் நான்கு அடுக்குகளால் ஆனவை. உச்சியில் பிரீமியர் லீக். அதில் 20 கழகங்கள். அதற்குக் கீழ் மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றிலும் 24. ஆக 92 கழகங்கள். ஆண்டுதோறும் ஒவ்வோர் அடுக்கிலும் கடைசியில் நிற்பவை கீழே தள்ளப்படும். கீழடுக்கில் முந்தி நிற்பவை மேலே ஏறும். அங்கே எந்த இடமும் எவருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. பரி, மான்செஸ்டர் நகரத்தை அடுத்த ஆலைத் தொழிலூர். அதன் கழகம் 1885இல் தோன்றியது. 1900இலும் 1903இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பழம்பெருமை அதற்கு உண்டு. 1903 இறுதியாட்டத்தில் டார்பி கவுண்டியை 6-0 என்று வென்றது. ஆனால் 1999இல் அது ஒரு படி சறுக்கி, அன்று ‘இரண்டாம் டிவிஷன்’ என்று அழைக்கப்பட்ட மூன்றாம் அடுக்கில் நின்றிருந்தது. இந்தியாவின் முதல் ஆட்டக்காரர் போய்ச் சேர்ந்த இடம் அதுவே.

விசாச் சிக்கலால் சற்றுக் காத்திருந்து, 1999 அக்டோபர் 3ஆம் நாள் கார்டிப் சிட்டிக்கு எதிராக முதலில் களம் கண்டார். முதல் கோலை அடிக்க 2000 ஏப்ரல் 15 வரை, அதாவது ஆறு மாதங்களுக்கு மேல், காத்திருக்க நேர்ந்தது. அது செஸ்டர்பீல்டுக்கு எதிரான ஆட்டம். ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டில் முழங்கால் காயம் அவரைப் பெரும்பாலும் களத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. 2002இல் கழகம் கடன் சுமையில் சிக்கி, அடுத்த அடுக்குக்கும் சரிந்தது, அவரும் விடைபெற்றார். மொத்தக் கணக்கு: லீக் ஆட்டங்கள் 37; கோல்கள் 3.

கல்கத்தாவில் ஒரே மாலையில் மூன்று கோல்கள். பரியில் மூன்றாண்டுகளில் மூன்று கோல்கள். இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவரும், அவர் அங்கே போய்த் தாழ்ந்துவிட்டார் என்றே சொல்லத் தோன்றும். அந்நாளில் அவ்வாறு சொன்னவர்கள் உண்டு. இங்கே ராஜாவாக இருந்தவர் அங்கே போய் மாற்று ஆட்டக்காரர்களின் பலகையில் உட்கார்ந்திருக்கிறாரே என்று தேநீர்க் கடைகளில் பேசியதை நாமும் கேட்டிருக்கிறோம்.

நமக்கு அது தாழ்வாகத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் நம் கல்வி மரபிலேயே இருக்கிறது. ஊர் மதரஸாவில் ஓதி முடித்து, அரபு இலக்கணத்தில் முதல்வர் என்று பெயரெடுத்து, உஸ்தாதின் இடத்தில் அமர்ந்து சிறு பிள்ளைகளுக்குச் சபக் சொல்லிக் கொடுத்த நிலையில், நாம் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்குச் சென்றோம். அங்கே நமக்குக் கிடைத்தது கடைசி வரிசையில் ஓர் இடம். முன் வரிசையில் இருந்தவர்கள் கேட்ட கேள்விகளே முதல் சில மாதங்கள் நமக்கு விளங்கவில்லை. ஊருக்கு எழுதிய கடிதங்களில் அதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதியதில்லை. ஆனால் அந்தக் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டதைக் கொண்டே இன்றுவரை கற்பித்து வருகிறோம். ஊரில் முதல் வரிசையில் அமர்ந்து பெற்ற புகழால் நமக்கு யாதொரு பயனும் விளைந்ததில்லை. கல்வி தேடிப் பயணம் போன முன்னோர் யாவரும் சொந்த ஊரில் தலைவராகவும் சென்ற ஊரில் மாணவராகவும் இருந்தவர்களே.

கல்வியை விட்டுவிடுவோம். பிழைப்பைத் தேடிச் சபர் போகும் நம் சமுதாயத்துக்கு இது புதிய செய்தியா? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கடல் கடந்தவர்களைச் சபுராளி என்று ஒரு தனிச்சொல்லாலேயே அழைக்கிறோம். பினாங்குக்கும் கொழும்புக்கும் போனவர்கள், பின்னர் ஜித்தாவுக்கும் துபாய்க்கும் போனவர்கள், எத்தனை பேர் இங்கே பெற்றிருந்த மதிப்பை விமான நிலையத்து வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்! இங்கே கணக்காளராக இருந்தவர் அங்கே கடையில் பெட்டி சுமந்தார். இங்கே நான்கு பேருக்கு வேலை கொடுத்தவர் அங்கே நாற்பது பேரில் ஒருவராக வரிசையில் நின்றார். அவர்கள் அனுப்பிய பணத்தில் பள்ளிவாசல்களும் வீடுகளும் எழுந்தன. அவர்கள் நின்ற வரிசையைப் பற்றி மட்டும் நாம் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியைச் சேர்ந்த அன்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். பையன் நம்மிடம் சிறுவயதில் ஓதியவன், அப்போது கல்லூரி அணியின் தலைவன், நடுக்கள ஆட்டக்காரன். கால்பந்தில் நடுக்களம் என்பது பெயர் வாங்கும் இடமன்று. கோல் அடிப்பவரை ஊர் அறியும். கோல் காப்பவரையும் அறியும். இவ்விருவருக்கும் இடையில் நின்று, எதிரியின் காலில் இருந்து பந்தைப் பறித்து, தக்கவரிடம் சேர்த்துவிட்டு, மீண்டும் ஓடித் தன் இடத்தை நிரப்புபவரை ஆட்டம் அறிந்தவர்கள் மட்டுமே கவனிப்பர். பையனுக்குப் பெங்களூரில் ஒரு பெரிய கழகத்தின் ரிசர்வ் அணியில் இடம் கிடைத்திருந்தது. இங்கே ஓர் உள்ளூர் அணியோ அவனைத் தலைவனாக்கிச் சிறு சம்பளமும் தர முன்வந்திருந்தது.

“ஹஜ்ரத், நீங்கதான் இவனுக்குப் புத்தி சொல்லணும். இங்கே கேப்டன், அங்கே பெஞ்சில் உட்காரணுமாம். சொந்தக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது?” என்றார் தந்தை.

அன்பர் முன்பு குரோம்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர். பின்னர் பல ஆண்டுகள் ஜித்தாவில் இருந்து திரும்பியவர். “ஜித்தாவுக்குப் போனதும் உங்களுக்கு முதலில் என்ன வேலை கொடுத்தார்கள்?” என்று மட்டும் கேட்டோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. மகன் இருக்கிறான் என்று தயங்கியது போலிருந்தது. பிறகு, “குடோனில் மூட்டை இறக்குற வேலை. ரெண்டு வருஷம் அதுதான். அப்புறம்தான் ஸ்டோர் கீப்பர்” என்றார். பையன் தலை நிமிர்ந்து தந்தையைப் பார்த்தான். “அத்தா, நீங்க எப்பவும் ஸ்டோர் கீப்பரா இருந்தேன்னுதானே சொல்வீங்க?” என்றான். அந்த இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் அதுவரை சொல்லப்பட்டதே இல்லை என்று அப்போது நமக்குப் புரிந்தது.

அதன்பின் பூட்டியாவின் கதையை அவர்களுக்குச் சொன்னோம். நடுக்கள ஆட்டக்காரன் ஆயிற்றே என்று இன்னொருவரைப் பற்றியும் சொன்னோம். அவர் ஹம்ஸா சவுத்ரி. 1997இல் இங்கிலாந்தின் லப்பரோவில் பிறந்தவர். தாய் வழியில் வங்கதேசத்தவர். பிள்ளைப் பருவத்தில் பள்ளி முடிந்த பின் குர்ஆன் ஓதக் கற்றதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். லெஸ்டர் சிட்டி கழகத்தில் பயின்ற அவரை, அக்கழகம் 2016இல் பர்ட்டன் ஆல்பியன் என்னும் கீழடுக்குக் கழகத்துக்கு இரவலாக அனுப்பியது. இரவல் என்பது அங்கே வழக்கமான முறை. பெரிய கழகத்தில் ஆட இடம் இல்லாத இளைஞரைச் சிறிய கழகத்துக்கு அனுப்பி, மழையிலும் சேற்றிலும் மூத்த ஆட்டக்காரர்களோடு மோத விட்டுத் தேர்ச்சி பெறச் செய்வர். அவ்வாறு தேர்ந்து திரும்பிய ஹம்ஸா 2017இல் பிரீமியர் லீகில் ஆடினார்; 2021இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற லெஸ்டர் அணியில் இருந்தார். பின்னரும் இரண்டாம் அடுக்குக் கழகங்களுக்கு இரவலாகப் போய் ஆட அவர் மறுத்ததில்லை. 2025 மார்ச் 25ஆம் நாள் ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராக வங்கதேச அணியின் சட்டையை முதன்முறை அணிந்து நடுக்களத்தில் நின்றார். அந்த ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிந்தது. அன்பர் நம் வீட்டுக்கு வந்த காலத்தில் இந்தக் கடைசிச் செய்தி நிகழ்ந்திருக்கவில்லை. வாசகர்களுக்காக இங்கே சேர்த்துச் சொல்கிறோம்.

எல்லாருக்கும் அந்தப் பொறுமை வாய்ப்பதில்லை என்பதும் உண்மை. பூட்டியாவுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டவர் ஒருவர் அக்கரைக்குப் போயிருந்தார். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீகை வென்ற முகம்மதன் ஸ்போர்ட்டிங் அணியின் முகம்மது ஸலீம் அவர். 1936இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்தில், காலணி இன்றிப் பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு, ரிசர்வ் அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். கண்டவர்கள் வியந்தனர்; கழகம் இருக்கச் சொன்னது. ஊர் நினைவு மேலிடத் திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல நாம் யார்? பிரிவின் பாரத்தை அறியாத குடும்பம் நம்மில் ஏது? ஆயினும் அவர் திரும்பியதை எண்ணும்போதுதான் பூட்டியா அங்கே தங்கிய மூன்று குளிர்காலங்களின் கனம் நமக்குப் புலப்படுகிறது.

கடைசி வரிசை என்பதாலேயே அது உயர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். போகும் இடத்தில் கற்றுத் தருபவர் இருக்கிறாரா? சம்பளமும் நிபந்தனைகளும் எழுத்தில் இருக்கின்றனவா? கால் ஒடிந்தால் திரும்பி நடக்க வேறு வழி இருக்கிறதா? வெளிநாட்டுக் கழகத்தில் இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகர்கள், வேலை விசா தருவதாக நம் பிள்ளைகளை ஏமாற்றிய தரகர்களின் உடன்பிறந்தோரே. காயத்தின் அச்சமும் வெற்றுச் சொல்லன்று. நம் சென்னை வியாசர்பாடியில் வளர்ந்த நடுக்கள ஆட்டக்காரர் தன்பால் கணேஷ், 2018 மார்ச் 13ஆம் நாள் கோவா அணிக்கு எதிரான ஐ.எஸ்.எல். அரையிறுதியில், இதே நகரத்தின் நேரு அரங்கில் கோல் அடித்தார். நான்கு நாள் கழித்துச் சென்னையின் எஃப்.சி. கோப்பையை வென்றது. அடுத்த பருவத்திலோ முழங்கால் காயம் அவரைக் களத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆட்டக்காரரின் வாழ்க்கை அத்துணை மெல்லிய நூலில் தொங்குவது. ஆகவே படிப்பை விடாதே என்பதை மட்டும் அந்தப் பையனிடம் கண்டிப்பாகச் சொன்னோம்.

அவன் பெங்களூருக்குப் போனான். இரண்டு ஆண்டுகள் ரிசர்வ் அணியில் இருந்தான். முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. இப்போது பட்டப்படிப்பையும் பயிற்சியாளருக்கான முதல்நிலைத் தேர்வையும் முடித்து, ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் கற்றுத் தருகிறான். அவனுடைய தந்தை இதைப்பற்றி இப்போது வெட்கப்படுவதில்லை; முற்றிலும் மகிழ்ந்திருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. தந்தையின் உள்ளம் அவ்வளவு எளிதில் சமாதானம் அடைவதன்று. எனினும் ஒன்று சொன்னார்: “அங்கே போகலைன்னா, போயிருந்தா என்ன ஆகியிருப்போம்னு ஆயுசு முழுக்க இங்கேயே உட்கார்ந்து யோசிச்சிருப்பான், ஹஜ்ரத்.”

பூட்டியாவின் பிற்காலம் பலரும் அறிந்தது. நாடு திரும்பிய மறு ஆண்டே, 2003இல், ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகக் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வென்றபோது, தொடரில் 9 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் அவரே. அதே ஆண்டு மலேசியாவின் பேராக் அணிக்கும், 2005இல் சிலாங்கூரின் எம்.கே. லேண்ட் அணிக்கும் ஆடச் சென்றார். நாட்டுக்காக நூறு ஆட்டங்களைத் தொட்ட முதல் இந்தியராக 2009இல் உயர்ந்தார். பிற்காலத்தில் சிறுவர்களுக்காகக் கால்பந்துப் பள்ளிகளையும் நிறுவினார். பரியில் கற்றதன் பலனே இவை என்று நாம் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது, எவராலும் முடியாது. ஆனால் அங்கே அவமானப்பட்டவர் எவரும் இவ்வாறு நிமிர்ந்து ஆடியிருக்க மாட்டார் என்பது மட்டும் தெளிவு. அவர் அதை அவமானமாகக் கொள்ளவில்லை. அவ்வாறு கொண்டவர்கள் வெளியில் இருந்து எண்ணிக் கொண்டிருந்தவர்களே.

அந்தப் பரி கழகமோ 2019 ஆகஸ்ட் 27ஆம் நாள், பணமுடையின் காரணமாக, ஆங்கில லீகில் இருந்தே நீக்கப்பட்டது. இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பையை ஏந்திய கழகத்துக்கும் ஏணியில் படி நிலைக்கவில்லை. அடிமட்டத்தில் இருந்து மீண்டும் தொடங்கி, 2023இல்தான் தன் பழைய திடலான கிக் லேனுக்கு ஆட வந்தது. ஆனால் அத்திடலில் ஒருவர் சிந்திய வியர்வையும், பெற்ற பயிற்சியும் படியோடு சேர்ந்து பறிபோவதில்லை.

நம் பிள்ளைகளும், கணவன்மாரும், உடன்பிறந்தாரும் இன்றும் எங்கெங்கோ கடைசி வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். சிலர் பெரிய கல்லூரியில் பின்தங்கிய மாணவராக. சிலர் அயல்நாட்டில் கீழ்நிலைப் பணியாளராக. ஓரிருவர் ஏதோ ஒரு கழகத்தின் பலகையில், தம் முறைக்காகக் காத்திருக்கும் ஆட்டக்காரராக. அவர்களோடு பேசும்போது, எத்தனையாவது இடத்தில் இருக்கிறாய் என்று கேட்பதை விடுத்து, இன்று என்ன கற்றாய் என்று கேட்போமாக. அந்த ஒரு கேள்வி, அவர்கள் மூடி வைத்திருக்கும் ஆண்டுகளை வீட்டில் வாய்விட்டுச் சொல்வதற்கு வழி திறக்கும்.